ஐயா சொன்னால் போதுமா? போதகரின் அதிகாரமும் நம் பொறுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு வேதபாடம் நடக்கிறது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக ஒரு பிஸ்கட் டின்னை வைத்தோம். துண்டில் எழுதிப் போடலாம், பெயர் வேண்டாம். யோவான் சுவிசேஷத்தில்தான் சந்தேகம் வரும் என்று நினைத்தேன். வந்த துண்டுகளில் பாதிக்கு மேல் ஐயாவைப் பற்றி. ஐயா என்றால் பாஸ்டர். வேறு யாரையும் எங்கள் சபையில் வெறுமனே ‘ஐயா’ என்று சொல்வதில்லை, அதுவே ஒரு சேதிதான்.

நான் போதகர் அல்ல. தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன், பதினோரு வருஷம் சபைச் செயலாளராக இருந்தவன். வசனங்களை எல்லாம் வீட்டில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன்.

“நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள் என்று வேதமே சொல்லுது. அதுக்குப் பிறகு என்ன கேள்வி?”

எபிரெயர் 13:17. எங்கள் சபைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறது, ஆனால் பாதிதான். வசனம் இப்படித் தொடங்குகிறது: “உங்களை நடத்துகிறவர்கள், உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறவர்களானபடியால்…” கீழ்ப்படிதல் அதற்குப் பிறகுதான் வருகிறது. விழித்திருக்கிறவர் என்பதால்தான் கீழ்ப்படியச் சொல்கிறது. தூங்குகிறவருக்கும் விரட்டுகிறவருக்கும் அந்த வசனத்தில் இடம் இல்லை.

‘உத்தரவாதம்’ என்ற சொல்லில்தான் நம் ஆட்கள் இடறுகிறார்கள். இன்றைக்கு அந்தச் சொல்லை நாம் எங்கே கேட்கிறோம்? டவுனில் பிரிட்ஜ் வாங்கினால் இரண்டு வருஷ உத்தரவாதம். பழுதானால் கடைக்காரர் பொறுப்பு. அதே காதோடு இந்த வசனத்தைக் கேட்டால், ஐயா நம் ஆத்துமாவுக்குக் கேரண்டி கொடுத்துவிட்டார், இனி அவர் சொன்னபடி நடந்தால் போதும், பிழை வந்தால் அவர் தலையில் என்றாகிவிடுகிறது. பழைய தமிழில் உத்தரம் என்றால் மறுமொழி. உத்தரவாதம்பண்ணுதல் என்றால் கேட்கிறவருக்குப் பதில் சொல்லுதல், கணக்குக் கொடுத்தல். கிரேக்க மூலத்திலும் அங்கே ‘கணக்குக் கொடுக்கிறவர்கள்’ என்றுதான் இருக்கிறது.

அதே கணக்கு ரோமர் 14:12இல் மறுபடி வருகிறது: “நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்.” ஆகக் கணக்குகள் இரண்டு. உன்னை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று போதகர் கொடுப்பது ஒன்று, நான் எப்படி நடந்தேன் என்று நீ கொடுப்பது மற்றது. இரண்டு கொப்பியும் தனித்தனி. ஒன்றில் எழுத வேண்டியதை மற்றதில் எழுத முடியாது.

இன்னொன்று. ‘கீழ்ப்படிந்து’ என்று வரும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது, பிள்ளைகள் பெற்றாருக்குக் கீழ்ப்படிவதைச் சொல்லும்போது பவுல் எடுக்கும் சொல் அல்ல. எடுத்துச் சொன்னதைக் கேட்டு மனம் இணங்குவதைக் குறிக்கும் சொல். ரோமர் 8இன் முடிவில் பவுல் “நிச்சயித்திருக்கிறேன்” என்கிறாரே, அந்தச் சொல்லின் குடும்பம். இதை வைத்துக்கொண்டு ‘எனக்கு மனம் இணங்கவில்லை, ஆகவே கேட்கமாட்டேன்’ என்று கிளம்பாதீர்கள். அடுத்த சொல் ‘அடங்குங்கள்’ என்பதுதான். ஆனால் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை நடத்துகிறவருக்கு உண்டு என்பதை இந்தச் சொல் விடாமல் பிடித்துக்கொள்கிறது.

“அப்படியென்றால் போதகருக்கு அதிகாரமே இல்லையா?”

நிறைய இருக்கிறது. வசனத்தைப் போதிக்கலாம். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவனை லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலேயே நிறுத்திக் கடிந்துகொள்ளலாம். திருந்தாதவனுக்குத் திருவிருந்தை மறுக்கலாம். தவறான போதனையோடு வருகிறவனுக்குப் பிரசங்க மேடையைக் கொடுக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் செய்யத் துணியாத போதகர் பிரச்சினைதான், அது வேறு பிரச்சினை.

வேதம் பேசாத இடத்தில் அவருடைய பேச்சு ஆலோசனை. எந்த ஆளைக் கட்டுவது, எந்த வேலைக்குப் போவது, எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுவது, எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது, இவை எல்லாம் அந்தப் பக்கம். பவுலே கொரிந்தியருக்கு, “உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்” என்று எழுதினார். அப்போஸ்தலன் எடுக்காத அதிகாரத்தை நம்மூரில் யார் எடுப்பது?

“மற்ற இடத்தில் இப்படி இல்லையே, நம்ம பக்கம் மட்டும் ஏன்?”

மற்ற இடத்திலும் உண்டு. 1970களில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஐந்து பிரபல போதகர்கள் சேர்ந்து, ஒவ்வொரு விசுவாசியும் தனக்கென்று ஒரு ‘மேய்ப்பருக்கு’ அடங்கியே இருக்க வேண்டும் என்று போதித்தார்கள். மேய்ப்பர் இயக்கம் என்று அதற்குப் பெயர். வேலை, வீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் மேய்ப்பரின் சம்மதம் என்கிற அளவுக்குப் பல இடங்களில் போனது. ஐவரில் ஒருவரான பாப் மம்போர்டு 1990இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நல்ல எண்ணத்தோடு தொடங்கியவர்கள்தான் அவர்கள்.

ஆனாலும் மலையகத்துக்கென்று ஒரு காரணம் இருக்கிறது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்குத் தனித்தனியாக வரவில்லை. கங்காணி திரட்டிக் கூட்டி வந்தார். முற்பணம் கொடுத்தவரும் அவர்தான், கடன் கணக்கை எழுதினவரும் அவர்தான், தோட்டத்தை நடத்தின துரைக்கு முன்னால் நமக்காகப் பேசினவரும் அவர்தான். கணக்குக் கொப்பியில் என்ன இருக்கிறது என்று பார்த்த தொழிலாளி எத்தனை பேர்? காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவது, சொன்ன மலைக்குப் போவது. யோசிக்கிற வேலை மேலே இருக்கிறவருடையது. இந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிவிட்டது.

சுவிசேஷமும் அந்த வழியாகவே வந்தது. தேயிலைக்கு முன்பு, கோப்பிக் காலத்தில், 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அந்தப் பெயரை வாசிக்கும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சுருங்கும். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்து தோட்டம் தோட்டமாக நடந்து போதித்தார்கள். அவர்கள் செலவுக்குத் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள். அந்த உபதேசிமார் மழையிலும் அட்டைக்கடியிலும் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் ஜனங்களின் கண்ணுக்கு உபதேசியார் எங்கே நின்றார்? துரையின் சம்மதத்தோடு தோட்டத்துக்குள் வருகிறவராக, கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கத்தை நாம் சபைக்குள்ளும் கொண்டுபோனோம்.

மரியாதை நல்லது. எழுந்து நில்லுங்கள். எழுந்து நின்றுகொண்டே கேள்வியும் கேட்கலாம் என்பதுதான் நான் சொல்வது.

“அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது என்று ஐயா சொல்கிறாரே?”

சங்கீதம் 105:15. சங்கீதத்தை மேலிருந்து வாசித்தால் தெரியும்: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு நாடோடிகளாகத் திரிந்தபோது அவர்களுக்குக் கேடு செய்யாதபடி கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கிறது. எச்சரிக்கை ராஜாக்களுக்கு, பாதுகாப்பு நாதியில்லாத குடும்பத்துக்கு. நம் சபைகளில் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

தன்னைக் கொல்லத் தேடினாலும் அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா என்று தாவீது சவுலின் மேல் கை போடவில்லை, சரி. ஆனால் சவுலின் சால்வைத் தொங்கலை அறுத்து எடுத்துக்கொண்டு, சத்தம்போட்டு, ‘ஏன் என்னைத் துரத்துகிறீர்’ என்று எல்லோருக்கும் கேட்கவே கேட்டான். பிறகு அதே தாவீது ராஜாவாகித் தவறியபோது தீர்க்கதரிசி நாத்தான் நேரே போய் முகத்துக்கு முன்னால் சொன்னார். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார். தொடாமல் இருப்பது வேறு, வாயை மூடுவது வேறு.

“ஐயா தீர்க்கதரிசனம் சொன்னார். அதை நம்பிச் சேமலாப நிதிக் காசை எடுத்து வேன் வாங்கினேன். நட்டமாகிவிட்டது. யார் பொறுப்பு?”

இந்தத் துண்டை வாசித்தபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. முப்பது வருஷம் கொழுந்து எடுத்த, கவ்வாத்து வெட்டின காசு அது.

1 இராஜாக்கள் 13ஐ வாசியுங்கள். யூதாவிலிருந்து ஒரு தேவனுடைய மனுஷன் பெத்தேலுக்குப் போகிறார். அங்கே சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்று அவருக்கு நேரடிக் கட்டளை. ராஜா அழைத்தும் மறுத்தவர். பிறகு ஒரு கிழத் தீர்க்கதரிசி வந்து, நானும் தீர்க்கதரிசிதான், தூதன் எனக்குச் சொன்னான், வந்து சாப்பிடு என்கிறார். பொய். இவர் போய்ச் சாப்பிடுகிறார். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றுபோட்டது.

எனக்குப் பல வருஷமாக இந்தக் கதை பிடிக்கவில்லை. பொய் சொன்னவன் வீட்டில் இருக்கிறான், ஏமாந்தவன் வழியில் கிடக்கிறான், இது என்ன நியாயம்? ஆனால் கதை அந்த இடத்தில்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. தனக்குத் தெரிந்திருந்ததை அவர் இன்னொருவரின் பட்டத்துக்காக விட்டுக்கொடுத்தார்.

உங்கள் விஷயத்தில் இரண்டு பேரும் பொறுப்பு. கர்த்தர் சொல்லாததை ‘கர்த்தர் சொன்னார்’ என்று சொன்னால் அது சின்னப் பிழை அல்ல, உபாகமம் 18ஐ அவரே வாசிக்கட்டும். அவர் உங்களிடம் வந்து தவறு என்று சொல்ல வேண்டும். ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று திருப்பிவிட்டால் அது இரண்டாவது தவறு. நீங்களும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: வேனின் எஞ்சினை ஒரு மெக்கானிக்கிடம் காட்டினீர்களா? மனைவியிடம் கேட்டீர்களா? தீர்க்கதரிசனம் சொல்லப்பட்டால் “மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்” என்று 1 கொரிந்தியர் 14:29 சொல்கிறது. அந்த ‘மற்றவர்கள்’ நீங்கள்தான்.

“மண்சரிவு அபாயம், வெளியேறுங்கள் என்றார்கள். ஐயா ஜெபித்துவிட்டு ஒன்றும் ஆகாது என்றார்.”

வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் போய்விட வேண்டும் என்று அர்த்தம், யோசிக்கலாம் என்று அல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. ஜெபத்தைப் பாடசாலைக் கட்டடத்தில் இருந்தும் செய்யலாம். ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

“சீனி, பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால்?”

நிறுத்தாதீர்கள். கிளினிக் கொப்பியோடு டாக்டரிடம் போங்கள். சுகம் கிடைத்திருந்தால் அடுத்த இரத்தப் பரிசோதனையில் தெரியத்தானே போகிறது.

“தசமபாகம் முழுச் சம்பளத்திலா, கையில் வருவதிலா?”

டின்னில் அதிகமாக வந்த கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில் 20 பெயர், அதாவது 20 நாள் வேலை, போட்டால் 27,000. சேமலாப நிதிக்கு 8 வீதம், 2,160 வெட்டினால் 24,840. பத்தில் ஒன்று முதலாவதில் 2,700, இரண்டாவதில் 2,484. வித்தியாசம் 216 ரூபா. இந்த 216 ரூபாவுக்காகத்தான் ஒரு அக்கா மூன்று மாதமாகத் திருவிருந்து எடுக்காமல் இருந்திருக்கிறார், ‘தேவனை வஞ்சித்தேன்’ என்ற பயத்தில். சந்தா, பண்டிகை முற்பணம் எல்லாம் வெட்டின பிறகு அவர் கைக்கு வருவது இன்னும் குறைவு.

அந்தப் பயத்தை அவருக்குள் போட்டவர், தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்னும் மல்கியா 3ஐ மட்டும் வாசித்தார். உபாகமம் 14இன் கடைசி வசனங்களை வாசிக்கவில்லை. அங்கே மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. அந்த அக்கா ஒரு விதவை. புதிய ஏற்பாட்டு அளவுகோல் 2 கொரிந்தியர் 9:7இல் இருக்கிறது: “விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே.” நியமிக்கிறது யார் மனம்? கொடுக்கிறவர் மனம்.

அதற்காகக் கொடுக்காமல் விடுகிறவர்களுக்கும் ஒரு சொல். போதகருக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களும் பஸ்ஸில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள். மாதாமாதம் சாராயத் தவறணைக்குப் போகும் காசையும் காணிக்கைப் பையில் விழும் காசையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“சபைக் கணக்கைக் கேட்டால் குற்றமா?”

இல்லை. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை. ஒருவனும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு வேறு சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அது தேவைப்பட்டது.

பழைய சபைகள் இதை ஏட்டில் எழுதியே வைத்திருக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 537ஆவது விதிப்படி ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும். அங்கிலிக்கன் ஆலயத்தில் சொத்தையும் பணத்தையும் கவனிக்க வார்டன்மார் இருக்கிறார்கள். மெதடிஸ்தப் போதகர் சில வருஷத்தில் இடம் மாறிப்போவார், புதியவர் வந்து கொப்பியைத் திறப்பார். ஒரே ஆள் தொடங்கி, அவர் பெயரிலேயே காணி உறுதி எழுதி, அவர் வீட்டு அலுமாரியிலேயே பணப்பெட்டி இருக்கும் சுயாதீன சபைகளில்தான் சிக்கல். அந்தப் போதகர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் நேர்மையை மற்றவர்களுக்குக் காட்ட ஒரு வழியும் இல்லாமல் இருப்பது அவருக்குத்தான் அநியாயம். காணிக்கையை எண்ண இரண்டு பேர், கையெழுத்து இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். தொடங்க இது போதும்.

“வேறு சபைக்குப் போக ஐயா கடிதம் தரமாட்டேன் என்கிறார்.”

துண்டு முறை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவோம் என்று எழுதின துண்டு வேண்டும். துண்டு இல்லாமல் போக்கிடம் இல்லை. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

வேதத்திலும் கடிதம் உண்டு. ரோமர் 16இன் தொடக்கத்தில் பெபேயாளைப் பற்றிப் பவுல் எழுதுகிறார்: இவள் நல்லவள், சேர்த்துக்கொள்ளுங்கள், தேவையானதைச் செய்து கொடுங்கள். அது வாசலைத் திறக்கிற கடிதம். கடிதத்தை வைத்துக்கொண்டு வாசலை அடைத்தால் அது துண்டு.

போகிறவரும் ஒழுங்காகப் போக வேண்டும். நேரே போய் இன்ன காரணம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சீட்டுக் காசைக் கட்டாமல், சண்டை போட்ட தங்கச்சியோடு ஒப்புரவாகாமல், ஞாயிற்றுக்கிழமை சும்மா வராமல் நின்றுவிட்டு ‘ஆவியானவர் நடத்தினார்’ என்று சொல்லாதீர்கள்.

“ஐயாவிடம் தனியாகச் சொன்னது அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் வந்தது.”

பெயர் சொல்லாமல் சொன்னாராம். நாற்பது குடும்பம் உள்ள டிவிசனில் பெயர் எதற்கு?

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கத்தோலிக்கக் குருவானவர் எந்த நிலையிலும் வெளியில் சொல்லக்கூடாது. மீறினால் மிகக் கடுமையான தண்டனை. நம் பக்கத்துச் சபைகளில் அப்படி எழுதின சட்டம் இல்லை என்பதால் கடமை இல்லை என்றாகாது. மத்தேயு 18:15இன்படி முதலில் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். மறுபடி நடந்தால், உங்கள் இரகசியத்தை வேறொரு முதிர்ந்த விசுவாசியிடம் கொண்டுபோங்கள்.

“போதகரே பெரிய தவறு செய்தால்?”

இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பனுக்கு விரோதமான பிராதை ஏற்காதே என்கிறது 1 தீமோத்தேயு 5:19. கிணற்றடிப் பேச்சிலிருந்து போதகரைக் காக்கிற நல்ல வேலி. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள்: பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறது.

பிள்ளை மேல் கை வைத்தது, பெண்ணைத் துன்புறுத்தியது போன்றவை சபைக்கூட்டத்தில் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. குற்றம். கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்கள்: சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, பொலிஸ் 119. ‘சபைப் பெயர் கெட்டுவிடும்’ என்று தடுக்கிறவருக்கு, பிள்ளையை நடுவிலே நிறுத்தி இயேசு பேசின ஏந்திரக்கல் வசனத்தை வாசித்துக் காட்டுங்கள்: சிறியரை இடறப்பண்ணுகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்கிறது அது.

“கலியாணத்துக்கு மாப்பிள்ளையை ஐயாதான் பார்க்க வேண்டுமா?”

பார்த்துத் தரலாம், நல்ல காரியம். ‘வேண்டாம்’ என்று தங்கச்சி சொன்னால் அங்கேயே முடிந்தது.

“எல்லாவற்றுக்கும் என்னிடமே வருகிறார்கள். நான் என்ன செய்ய?”

இந்தத் துண்டு ஒரு போதகருடையது. கேள்வியே சொல்கிறது. பிள்ளைக்குப் பெயர் வைக்க, கோழிச் சண்டை தீர்க்க, கிராம உத்தியோகத்தருக்குக் கடிதம் எழுத, டுபாய் போகலாமா என்று கேட்க, இரவு பதினொரு மணிக்கும் கதவைத் தட்டுகிறார்கள். பிறகு பிழைத்தால் ‘ஐயா சொல்லித்தான் செய்தேன்’.

ஐயா, அதிகாரத்தை எடுத்துக்கொள்கிற போதகர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டேன். அதைத் தூக்கி அவர்கள் மடியில் வைக்கிறவர்கள் நாங்கள்தான் என்பதையும் எழுதுகிறேன். முடிவெடுப்பது பாரம், அதை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைத்தால் விடமாட்டோம். ஜனங்களின் வழக்கை எல்லாம் தனியாகவே விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் சொன்னது, நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று. ஜனங்களும் என்பதைக் கவனியுங்கள். அடுத்தமுறை யாராவது ‘என்ன செய்யட்டும் ஐயா?’ என்று வந்தால், ‘நீங்கள் என்ன யோசித்தீர்கள்?’ என்று கேட்டுவிட்டுத் தேநீர் ஊற்றுங்கள். முதல் சில மாதம் ஐயாவுக்கு வல்லமை குறைந்துவிட்டது என்று பேசுவார்கள்.

“பெண்கள் இதெல்லாம் கேட்கலாமா?”

காணிக்கைப் பையில் விழுகிற காசில் பெரும்பகுதி கொழுந்துக் கூடையிலிருந்து வருகிறது. கூடை யார் தலையில் தொங்குகிறது என்று பாருங்கள், பிறகு சபைக் கமிட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். எங்கள் கமிட்டியில் ஒன்பது பேரும் ஆண்கள், நான் செயலாளராக இருந்த காலத்திலும் அப்படியே. அது என் பிழையும்கூட. அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியைத் தனியே அழைத்துத் திருத்தினவர்களில் பிரிஸ்கில்லாளும் ஒருத்தி. இந்த வருஷக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, காணிக்கை எண்ணுகிற இரண்டு பேரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். எழுதினது யாரோ, அக்காவோ தங்கச்சியோ, அன்றைக்குக் கையைத் தூக்குங்கள்.